உமி அடுப்பு வந்த நாள்

கோட்டையூரில் நான் வேலைபார்த்த முறுக்குக் கம்பெனியின் முதலாளியம்மா ஒல்லியானவர். எதையும் சொல்வதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

விறகுப் புகையால் அக்கம்பக்கத்தில் புகார் வந்ததும், புதுவயல் அரிசி ஆலைகளின் உமியில் எரியும் புகையில்லா அடுப்பை வாங்கினார். விறகு தள்ளிய நாங்கள் பயந்துபோனோம்.

நான்தான் கேட்டேன். "ஆச்சி, நாங்க வேலைய விட்டு நின்னுக்கணுமா?"

கண்ணாடியைத் துடைத்தார். "எங்க போகப்போறீக? எண்ணெய்ச் சூடு உங்களுக்குத்தானே தெரியும்? இதையும் நீங்களே பழகிக்கங்க. பழகுற நாளைக்கும் சம்பளம் உண்டு. மிஞ்சுற ஆளு பாக்கெட் போடட்டும்."

ஒரே ஆளை வைத்து அவர் அந்த அடுப்பை ஓட்டியிருக்கலாம். ஏன் அப்படிச் செய்யவில்லையென்று இன்றும் புரியவில்லை. அன்று மாலை, வேலை போய்விடுமென்ற பயம் விட்டு, டவுன் பஸ்ஸில் அசந்து தூங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.