ஏழாம் நெம்பர்

என் மகளும் அவளோடு கல்லூரியில் படித்த இரண்டு பையன்களும் சேர்ந்து ஒரு பிரவுசர் செய்தார்கள். சேலத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறையில் உட்கார்ந்து, ஏறக்குறைய ஒரு வருடம் செய்தார்கள். சமூக வலைத்தளங்களுக்கென்றே ஒரு பிரவுசர். அது ஓடுமா ஓடாதா என்று அவர்கள் கேட்ட கேள்விக்குத் தப்பான பதில் கொடுத்தவள் நான். அதைத்தான் எழுதப் போகிறேன். நடந்து மூன்று மாதம் ஆகிறது.

நான் மல்லசமுத்திரத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கணவர் போர்வெல் வண்டியோடு வருடத்தில் பாதிக்கு மேல் வடக்கே இருப்பவர். ஒரே பெண். அவள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிய நாளிலிருந்து, நாலாவது மணியடித்தும் போனை எடுக்கவில்லையென்றால் என் மனம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றுவிடும். எடுத்ததும் திட்டுவேன். அவள் சிரிப்பாள். பிறகு சிரிப்பதை விட்டாள். பிறகு கொஞ்சம் தாமதமாகவே எடுக்க ஆரம்பித்தாள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அவளுடைய பன்னிரண்டாம் வகுப்புக்கு வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பிரவுசரைப் போட்டுக் கொடுத்தாள்.

"இப்ப ஒருத்தரு என்ன பண்றாங்கன்னு பாக்க நாலு எடத்துக்குப் போறமல்லங்கம்மா, இதுல அந்தத் தொந்தரவே இல்ல. ஆளோட மொகம் ஓரத்துல இருக்கும். அவங்க எங்க எதப் போட்டாலும் அந்த மொகத்துக்குக் கீழயே வந்து உழுந்துரும். ஆளு வந்தா பச்சை எரியும். பாருங்க."

மாதிரிக்குத் தன் முகத்தையே சேர்த்துக் காட்டினாள். பச்சைப் புள்ளி எரிந்தது. தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"நீங்க உங்க டீச்சருங்க, பெரியம்மா, அத்தை எல்லாரையும் சேத்துக்கங்க. என்னய எடுத்துப்புடுங்க, நான் சும்மா காட்டறதுக்கு."

இருபது பேருக்கு அதைக் கொடுத்திருந்தார்கள். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். இரண்டு மாதம் கழித்தும் யாராவது தாமாகவே அதைத் திறந்துகொண்டிருந்தால் தொடர்வது, இல்லையென்றால் கடையைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு வேலைக்குப் போவது என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட பையனுக்கு முதலிலிருந்தே நம்பிக்கையில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறான்: "போன்ல தனித்தனியா ஆப் இருக்குதுங்க டீச்சர். எல்லாருக்கும் அதுவே போதும். இதுக்குன்னு ஒரு பிரவுசர எவன் தொறக்கறான்?" மகள் அவன் தட்டிலிருந்த முட்டையை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். "நம்பிக்கை இல்லாதவனுக்கு முட்டை எதுக்கு?"

யார் யார் பார்க்கிறார்கள் என்று தங்களுக்குத் தெரியக்கூடாது என்று அவர்களே ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு எண். எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை மணிக்கு மூடினார் என்பது மட்டும் அவர்களுக்கு வரும். அடுத்தவர் என்ன பார்க்கிறார் என்று எட்டிப் பார்ப்பது அசிங்கம் என்றாள் மகள். நானும் ஆமாம் என்றேன்.

முதல் வாரம் அவள் சொன்னபடி எல்லோரையும் சேர்த்தேன். அக்கா மகன் கல்யாணப் படங்கள், டீச்சர்கள் அனுப்பும் காலை வணக்கங்கள், எல்லாம் அவள் முகத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போயின. அதனால் ஒவ்வொருவராக எடுத்துவிட்டேன். பத்தாவது நாள் அந்த ஓரத்தில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது.

"என்னய எடுத்துட்டீங்களா?" என்று போனில் கேட்டாள்.

"அப்பவே எடுத்தாச்சு சாமி."

"பாக்கறீங்களாம்மா அத?"

"எப்பவாச்சும். கண்ணு வலிக்குது."

விடிந்ததும் அடுப்பு பற்றவைப்பதற்கு முன் அதைத் திறப்பேன். பச்சை எரிந்தால் எழுந்துவிட்டாள். எட்டு மணிக்கு ஸ்கூல் பஸ் வரும்வரை திறந்தே இருக்கும். மாலை வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் திறந்த நாட்கள் உண்டு. எதற்குச் சிரித்தாள், யார் படத்துக்கு இதயம் போட்டாள், எந்தப் பாட்டைப் பகிர்ந்தாள், எல்லாம் சொட்டுச் சொட்டாக வந்து விழுந்தன. போனில் என்னிடம் சொல்லாத அத்தனையும் அதில் இருந்தது. கணவர் போன் செய்து புள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், அவளே என்னிடம் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் சொல்லுவேன். "உங்கூட நல்லாப் பேசறா போ, என்றகிட்டத்தான் ஒண்ணுஞ் சொல்றதில்ல," என்பார் அவர். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, வேலை இருக்கிறது, ஊருக்கு வரவில்லை என்றாள். மதியம் ஒரு படம் விழுந்தது. ஜேடர்பாளையம் தடுப்பணை. நனைந்த சுடிதாரோடு அவளும், இன்னொரு பெண்ணும், இரண்டு பையன்களும் மீன் வறுவல் தட்டோடு நிற்கிறார்கள். உடனே போனை எடுத்தேன்.

"என்ன அம்மணி பண்ற?"

"வேலைங்கம்மா."

"எங்கிருந்து?"

"ரூம்லதாங்க."

பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தண்ணியில இறங்காத, வெயில்ல சுத்தாத என்று பொதுவாகச் சொல்லுவது போலச் சொல்லி வைத்தேன். பொய் சொல்லிவிட்டாளே என்று அன்று முழுதும் அழுதேன். என்னுடைய பொய் அப்போது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

ஐப்பசி பிறந்து ஒரு சனிக்கிழமை வந்தபோது, வாசலில் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்கம்மா, எங்களுக்கு ஒரு ஆளு கெடச்சிருக்காருங்க!"

யாரையோ காதலிக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் சொன்னது வேறு ஆள்.

"இருவது பேருல பத்தொம்பது பேரு உட்டுப்போட்டுப் போயிட்டாங்க. ஏழாம் நெம்பர் மட்டும் உடல. விடியால அஞ்சேகாலுக்குத் தொறக்கறாரு. எட்டு மணிக்கு மூடறாரு. சாயந்தரம் அஞ்சுக்கு மறுக்காத் தொறந்தா பத்து வரைக்கும். ஒரு நா தவறல! கண்ணாடிக்காரனே ஏழாம் நெம்பருக்குக் கோயில் கட்டணும்ங்கறான்."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி என்றதும் ஸ்கூல் பஸ் ஹாரன் காதில் கேட்டது.

"யாரா இருக்கும்?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"யாரோ ஆபீஸ் போறவராட்டம் இருக்குது. ராசிபுரத்துல ஒரு பையனுக்குக் குடுத்தோம், அவனோன்னு நெனக்கறோம். யாரா இருந்தா என்னங்க? ஒருத்தருக்கு இத்தன புடிச்சிருக்குன்னா, இன்னொருத்தருக்கும் புடிக்குமல்ல."

பெங்களூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வருகிற புதன் போய் அதற்கடுத்த புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வரவில்லை என்று எழுதிவிடப் போவதாகச் சொன்னாள். ஏழாம் நெம்பர் கொடுத்த தைரியம்.

அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். அதைவிட மோசமான காரணம் ஒன்று உண்டு. அவள் பெங்களூர் போகாவிட்டால் சேலத்தில் இருப்பாள். சேலம் எனக்கு ஒரு மணி நேர பஸ். வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளும்போது இதை மனதுக்குள் போட்டுப் பார்த்து, பரவாயில்லை என்று முடிவும் செய்தேன்.

அடுத்த வியாழக்கிழமை விடியற்காலை பிரவுசரைத் திறந்ததும், மகளின் முகத்துக்கு மேலே ஒரு சீட்டு வந்தது. "ஏழாம் நெம்பருக்கு வணக்கம். நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. உங்களிடம் ஐந்து கேள்விகள் கேட்கலாமா? உங்கள் பதிலை வைத்துத்தான் நாங்கள் மேலே போக வேண்டும்." அவள் எழுதியதுதான். பள்ளியில் கட்டுரை எழுதும்போதும் வணக்கம் போடாமல் ஆரம்பிக்க மாட்டாள். எழுந்து சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அன்று மாலை திறக்கவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் திறக்கவில்லை.

ஞாயிறு காலை அவள் வந்தபோது முகம் கறுத்துப் போயிருந்தது. பையைக்கூட இறக்கவில்லை.

"ஏழாம் நெம்பர் போயிட்டாருங்கம்மா."

"போனாப் போறாரு. நீ மொதல்ல கைகழுவிட்டு வா."

"அந்தச் சீட்டு அனுப்பனதுல ஏதோ கெட்டுப்போச்சாட்டம் இருக்குது. நாந்தான் எழுதுனேன். மூணு நாளாத் தேடறேன், தப்பே கெடைக்கல."

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இட்லி ஆறிப்போய், சட்னியின் மேல் ஏடு கட்டியது. எழுத்துகள் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தன. நகத்தைக் கடித்துக்கொண்டே, தான் செய்யாத தப்பை அதற்குள் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில், "நான் செரியாப் படிக்கலைங்கம்மா, அதான்," என்றாள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளறைக்குப் போய் பிளக்கைச் செருகினேன். அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஏழாம் நெம்பர் திரும்பி வந்தால் சாப்பிடுவாள், அப்புறம் யோசிக்கலாம். பிரவுசர் திறந்தது. சீட்டு இன்னும் அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே அவள் முகம், பச்சை.

சொட்டுச் சத்தம் கேட்டது.

வெளியே நாற்காலி இழுபட்டது. "வந்துட்டாரு! அம்மா, ஏழாம் நெம்பர் வந்துட்டாருங்க!" ஓடி வந்தாள். எனக்குச் சொல்லத்தான் ஓடி வந்தாள்.

வாசற்படியில் நின்றுவிட்டாள். நான் மவுசிலிருந்து கையை எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். ஓரத்தில் வேறு யாருமில்லாமல் தன் முகம் மட்டும் இருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, என்னைத் தொடாமல் குனிந்து, பழைய படங்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஜேடர்பாளையம் வந்ததும் கை நின்றது.

"அன்னைக்கு போன் பண்ணுனப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் எங்கிருந்துன்னு கேட்டீங்களா?"

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் கத்தலாம். நீ ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கலாம். அவள் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இருவது பேருக்குக் குடுத்தோம். ஒருத்தருக்குத்தான் தேவப்பட்டிருக்கு. அதும் இதுக்கு."

பிறகு எழுந்து, "நாளைக்குப் பசங்ககிட்டச் சொல்லணும். உங்க பேரச் சொல்லல. யாரோ ஒரு அம்மான்னு சொல்லிக்கறேன்," என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதுதான் அடித்த மாதிரி இருந்தது. பெயரை மறைக்கிற மரியாதையை எனக்கும் கொடுத்தாள்.

"நானே வாரேன்," என்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். டைல்ஸ் கடை மாடியில் இரண்டு பையன்களும் எழுந்து நின்றார்கள். கண்ணாடிக்காரப் பையன் டீ வாங்கி வரக் கிளம்பினான். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, "நாந்தாம்ப்பா ஏழாம் நெம்பர்," என்றேன். எதற்குப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். குரல் வகுப்பில் பேசுகிற மாதிரி சத்தமாக வந்துவிட்டது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு பையன்களும் தரையைப் பார்த்தார்கள். பிறகு கண்ணாடிக்காரப் பையன் ஒரு தாளை எடுத்தான். ஏழாம் நெம்பருக்காக எழுதி வைத்த ஐந்து கேள்விகள்.

"கேட்டுரட்டுங்களா டீச்சர்? கேக்கறதுக்குத்தான் தேடிட்டு இருந்தோம்."

கேட்டான். போன் இருக்கும்போது எதற்கு இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி. போனில் கேட்டால் நான் கேட்டது அவளுக்குத் தெரியும், இதில் தெரியாது என்றேன். இதில் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு கேள்வி. நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிகிற மாதிரி மாற்ற வேண்டும் என்றேன். அவன் பேனாவை நிறுத்தினான். "அப்படி மாத்துனா நீங்க தொறப்பீங்களா?" அது தாளில் இல்லாத கேள்வி. மாட்டேன் என்றேன்.

கடைசிக் கேள்வி, இதை வேறு யாருக்காவது சொல்லுவீர்களா என்பது. எங்கள் ஸ்டாஃப் ரூமை நினைத்துப் பார்த்தேன். கோயம்புத்தூரில் ஒரு பெண், சென்னையில் ஒரு பையன், ஓசூரில் ஒரு பெண் என்று பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளியூரில். சாப்பாட்டு வேளையில் ஒரு தடவை வாய் திறந்தால் போதும்.

"சொன்னா அத்தன பேரும் வாங்கிக்குவாங்க சாமி. நல்லா ஓடும்," என்றேன். "அதனால சொல்லமாட்டேன்."

அதை அவன் எழுதிக்கொண்டானா என்று நான் பார்க்கவில்லை. மகள்தான் திரும்பி வந்து, அவன் கையிலிருந்த தாளை வாங்கி நான்காக மடித்தாள்.

புதன்கிழமை பெங்களூருக்கு வருகிறேன் என்று பதில் எழுதினாள். அறையைக் காலி செய்தார்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பிரவுசரை அவளே எடுத்தாள். பெங்களூருக்குக் கிளம்பிய அன்று சேலம் பஸ் ஸ்டாண்டில், "போய்ச் சேந்து போன் பண்றேங்கம்மா," என்றாள்.

மதியம் ரெண்டரைக்கு இறங்கியிருப்பாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நாலு மணிக்குத்தான் போன் வந்தது. வந்து சேர்ந்துவிட்டேன் என்றாள். சரி என்றேன். அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே இருந்தாய் என்று நான் கேட்பேன் என அவளும் எதிர்பார்த்திருக்க வேண்டும். கேள்வி நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன்.

"சாப்டீங்களாம்மா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிட்டிருக்கவில்லை.