பங்கார் என்றார்கள், பவனா ஏரிக்கு ஓட்டிப்போனோம்

புனேயில் நாங்கள் இருக்கும் ஔந்திலிருந்து பவனா ஏரி ஐம்பது கிலோமீட்டர்தான். அதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். ஜனவரி 26 காலை அந்த ஐம்பதை ஓட்டியிருக்காவிட்டால் அடுப்பும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் எங்கள் கேம்பர் வேன் இன்று என்னிடம் இருந்திருக்காது. ஆகவே எழுதத்தான் போகிறேன்.

வருடாவருடம் டிசம்பரில் நானும் கணவர் செந்திலும் கோவைக்கு ரயிலேறிவிடுவோம். பொங்கல் முடிந்துதான் புனே திரும்புவோம். போன தடவை கிளம்பும்போது செந்தில் வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து, தினமும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடச் சொன்னார். சாகணில் கார் ஃபாக்டரியில் வேலை பார்க்கிற மனிதர் ஆயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். வாட்ச்மேன் பாவம், ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறார். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழக்கிற சார்ஜை, நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமி எஞ்சின் எங்கே திருப்பித் தரப்போகிறது? திரும்பி வந்து பார்த்தால் எஞ்சின் பேட்டரி காலி. உள்ளே விளக்கு, விசிறிக்கான இரண்டாவது பேட்டரியும் காலி. வீட்டில் மெயினை அணைத்து, கேஸை மூடி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போன நாங்கள், வேனில் ஃப்ரிட்ஜை அணைக்கவில்லை.

புது பேட்டரிகள் போடும்வரை வேன் நகரவில்லை. அப்போதுதான் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் செயலாளர் அதற்கு 'பங்கார்' என்று பெயர் வைத்தார். நம் பாஷையில் காயலான் கடைச் சரக்கு. இந்த டிசம்பரில் உத்தரவே போட்டுவிட்டார்: குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு அந்த இடம் வேண்டும், அன்று காலை வேன் தானாக ஓடி வெளியே போகவேண்டும், இல்லையென்றால் கிரேன் வரும், பிறகு பார்க்கிங் கிடையாது. செந்தில் பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். எனக்கு வந்ததே கோபம்!

சாவியை யாருக்கும் தரவில்லை. ஃப்ரிட்ஜைக் காலி செய்து அணைத்தேன். பார்க்கிங்கில் ப்ளக் பாயின்ட் கிடையாது என்பதால் இரண்டு பேட்டரிகளையும் கழற்றி, மாடி பால்கனியில் காற்றோட்டமாக வைத்து முழு சார்ஜ் ஏற்றினேன். முனைகளைத் துடைத்து வாசலின் தடவினேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத்தான் ஊருக்குப் போனோம். பேட்டரிக்குப் பால்கனியில் குடித்தனமா என்று செந்தில் கேலி செய்தார். செய்யட்டுமே.

26 காலை ஏழு மணி, நல்ல குளிர். முந்தின நாளே பேட்டரிகளை மாட்டியிருந்தேன். கொடிக்கயிறோடு செயலாளர், வேடிக்கை பார்க்கப் பாதி சொசைட்டி. செந்தில், வேறு வண்டியிலிருந்து சார்ஜ் இழுக்கும் ஜம்ப் கேபிளோடு நின்றார்.

"எதுக்கும் இருக்கட்டும் கவிதா."

"உள்ள வைங்க. தேவைப்படாது."

சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எடுத்துக்கொண்டது. வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்து, கொடிக்கு வணக்கம் வைத்து, செயலாளர் கையாலேயே லட்டு வாங்கிக்கொண்டேன்.

பழைய மும்பை நெடுஞ்சாலையில் போய், தளேகாவுக்குச் சற்று முன்பே இடப்பக்கம் திரும்பவேண்டும். அதன்பின் சாலை குறுகல், அவசரப்படாதீர்கள். போக வர டீசல் சுமார் தொள்ளாயிரம் ரூபாய். ஏரிக்கரையில் வண்டி நிறுத்த முந்நூறு. விடுமுறை நாளில் பத்து மணிக்குள் போனால்தான் இடம் கிடைக்கும்.

உங்களுக்கும் இப்படி வண்டி இருந்தால், நிறுத்திவைக்கும் முன் முழுசாகச் சார்ஜ் ஏற்றுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் மறுபடி சார்ஜ் போடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்குப் பாதி சார்ஜ் போதும். ஐந்து நிமிட வைத்தியம் மட்டும் எதற்கும் வேண்டாம்.

ஏரிக்கரையில் வேனுக்குள் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். செந்தில் எட்டிப் பார்த்து, "தோசைத்திருப்பியக் கொஞ்சம் குடு" என்றார். எதற்கு என்று கேட்பதற்குள் வேனுக்குப் பின்னால் போய்விட்டார். கண்ணாடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. ஒரு தோசை கருகிப்போனது, தோசைத்திருப்பியின் முனையும் மழுங்கிவிட்டது. வேறு வாங்கிக்கொள்கிறேன். வேன் விற்பனைக்கு இல்லை.