உருளைக்கிழங்கில் வளர்ந்த பூஞ்சை

அண்ணி அந்தக் கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது நான் முதலில் பார்த்தது நீலத்தைத்தான். உள்ளங்கை அளவுள்ள வட்டத் தட்டு, உள்ளே ஜெல்லிபோல் உறைந்த நீலக் கூழ். அதன் நடுவில் காசளவுக்கு நீலம் வெளுத்துப்போய் வெறும் கண்ணாடியாகத் தெரிந்தது. "சாயம் போயிருச்சு, பாத்தியா!" என்று சின்னப்பிள்ளைபோல் துள்ளினார். நானோ மலேசியாவில், தங்காக் ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை "சாயம் போகவே போகாதுங்க, நான் கேரண்டி" என்று சொல்லியே பிழைப்பு நடத்துகிறவள். துணிக்குப் போடும் அதே சாயத்தை வாங்கி, அது வெளுத்தால் குதிக்கும் மனுஷியை அதற்குமுன் நான் கண்டதில்லை. "ஐயய்யோ, அலமாக்! அண்ணி, எங்க முதலாளி காதுல விழுந்துச்சுன்னா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாரு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் தட்டு கைநழுவப் பார்த்தது.

அண்ணி ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அவருடைய வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மரத்தை விறைப்பாக நிற்க வைக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். மரத்துக்குள் இருக்கும் சத்தை அது சிமெண்டு பூசியதுபோல் மூடி வைத்திருக்கிறது. பெரும்பாலான உயிர்களுக்கு அதை உடைக்கும் வழி தெரியாது. மக்கும் மரத்தில் வளரும் சில வெள்ளைப் பூஞ்சைகள் மட்டும் நொதிகளைச் சுரந்து அதைத் துண்டு துண்டாக அறுத்துவிடுகின்றன. உதிரும் துண்டுகளை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் தங்கள் நொதிகளால் இன்னும் பொடியாக்கித் தின்று முடிக்கின்றன. அந்த நீலச் சாயமும் லிக்னின் மாதிரியே கட்டப்பட்டதாம். நீலம் வெளுத்தால் நொதி வேலை செய்கிறது என்று அர்த்தம். செம்பனை ஆலைகளில் எண்ணெய் எடுத்தபின் மலையாய்க் குவியும் வெறுங்குலைகளை இந்தப் பூஞ்சையைக் கொண்டு மென்மையாக்கி மாட்டுத் தீவனமாக்க வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும்.

அந்தப் பூஞ்சை கிடைத்த கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். கல்யாணமான புதிதில், சிம்பாங் ரெங்கம் பக்கம் நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். சாமி புறப்படும் நேரத்தில் புது மருமகளைக் காணோம். தேடிப் போனால், பட்டுச்சேலையோடு கோயிலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, விழுந்து கிடந்த ரப்பர் மரத்திலிருந்து பஞ்சுபோல் வெளுத்த ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். வைக்க வேறு எதுவும் அகப்படாததால் அர்ச்சனைத் தட்டிலேயே, தேங்காய் மூடிக்குப் பக்கத்தில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "சாமி தட்டுல உளுத்துப்போன கட்டையா? எவளாச்சும் இப்படிச் செய்வாளா?" என்று கத்தினார். அண்ணி அசரவில்லை. "கோயில்லதான அத்தை கெடைச்சிச்சு, பிரசாதம்னு நெனைச்சுக்குங்களேன்" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அந்தத் துண்டிலிருந்து பிரித்து வளர்த்த பூஞ்சைதான் நீலத்தை வெளுக்க வைத்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்த மற்றப் பூஞ்சைகளைவிட வேகமாக வெளுக்க வைத்தது.

அந்த வேலை பாதியில் இருக்கும்போதே அண்ணிக்கு வயிற்றில் நோய் வந்தது. கண்டுபிடித்தபோது மிஞ்சியிருந்தது சில மாதங்கள்தான். பிள்ளை இல்லை. கருமாதி முடிந்தபின் அவருடைய மேசையை ஒழித்துக் கொடுத்த பேராசிரியை, நல்ல மனசுள்ள மலாய்க்கார அம்மா, அண்ணனின் கையில் அந்தப் பூஞ்சை வளரும், மூடிபோட்ட ஒரு சிறு கண்ணாடிக் குழாயையும் வைத்தார். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அதை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் அவ்வப்போது புதுத் தீனிக்கு மாற்ற வேண்டும். உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த தண்ணீரில் சீனியும், உறைய வைக்கும் அகார்-அகார் கடல்பாசியும் போட்டுக் காய்ச்சினால் போதும் என்று முறையையும் சொல்லிக் கொடுத்தார்.

என் அண்ணன் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறவர். விடிவதற்குமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, வந்து விழும்போது உடம்பில் உயிர் இருக்காது. அடுப்புப் பக்கமே போகாத ஆள். அவர் அம்மாவின் பிரஷர் குக்கரைக் கைப்பற்றிக்கொண்டார். முதலில் பச்சைப் பூசணம் ஏறிக் கெட்டது. ஸ்பிரிட் விளக்கைப் பக்கத்தில் ஏற்றிவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றக் கற்றார். நான் போகும்போதெல்லாம் அலமாரியில் போத்தல்கள் கூடியிருக்கும். உள்ளே பூஞ்சை பருத்தித் திண்டுபோல் வெள்ளைவெளேர் என்று கொழுகொழுவென்றிருக்கும். "போன வாரம் கொஞ்சம் எளைச்ச மாதிரி தெரிஞ்சிச்சு, சீனி சேர்த்துப் போட்டேன்" என்பார். நாள் வருவதற்குமுன்பே புதுத் தீனிக்கு மாற்றிவிடுவார். "அண்ணே, பேரப்புள்ளைக்கு ஊட்டுற மாதிரில்ல ஊட்டுறீங்க" என்று கேலி செய்வேன். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தக் கேலிக்குச் சிரிப்பார், அதற்காகவே திரும்பத் திரும்பச் செய்தேன்.

போன வருடம் பேராசிரியை அழைத்தார். ஆய்வுக்கூடத்து உறைபெட்டி பழுதாகி, அங்கிருந்த அண்ணியின் பூஞ்சைக் குழாய்கள் எல்லாம் போய்விட்டன. விட்ட இடத்திலிருந்து அண்ணியின் வேலையைத் தொடர ஆசைப்படுகிறார், அண்ணனிடம் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதுச் சட்டை போட்டுக்கொண்டு, போத்தலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான்தான் கார் ஓட்டினேன். "ஆராய்ச்சிக் கட்டுரையில அவ பேரு வரும்ல?" என்று வழியெல்லாம் கேட்டார்.

நீலத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகப் பேராசிரியை சொன்னார். பிறகு போன் எனக்குத்தான் வந்தது, அண்ணனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பூஞ்சை தட்டு முழுக்கப் படர்ந்துவிட்டது, ஆனால் நீலம் நீலமாகவே இருக்கிறது. அவர் மலாயில் பொறுமையாக விளக்கினார். பூஞ்சை லிக்னினை ஆசைப்பட்டு உடைப்பதில்லை. உள்ளே இருக்கும் சத்தை எடுக்க வேறு வழி இல்லாததால்தான் உடைக்கிறது. வருடக்கணக்கில் வாய்க்கு நேராகச் சீனி வந்துகொண்டிருந்தால் அந்த நொதிகளைச் சுரப்பதையே விட்டுவிடும். திரும்ப வரவைக்க ஒரு வழி உண்டு: வேறு எதுவும் கொடுக்காமல் வெறும் மரத்தூளில் வைத்துப் பட்டினி போட வேண்டும். வரலாம், வராமலும் போகலாம். ஒரு பகுதியை மட்டும் அப்படிச் செய்தால் போதும், ஆனால் அண்ணன் சம்மதிக்காமல் தொட மாட்டேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ச் சொன்னேன். அண்ணன் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

"அப்போ நான்தான் கெடுத்தேனா?"

"இல்லண்ணே. அவங்க சொன்னபடிதான செஞ்சீங்க? இப்ப ஒண்ணே ஒண்ணை மட்டும் கொஞ்ச நாளு பட்டினி போட்டுப் பாப்போம்லா. மத்ததெல்லாம் இங்க உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அண்ணியோடு இருந்தவர் அவர் மட்டும்தான். அங்கே நடந்ததை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"குடல் அடைச்சிருச்சு, வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார். "அவ பசிக்குதுன்னா. ஒரு கரண்டி கஞ்சி குடுங்கன்னு கேட்டா. எம் மூஞ்சியப் பாத்துப் பாத்துக் கேட்டா. நான் குடுக்கலம்மா. குடுத்தா செத்துருவான்னு குடுக்கல. குடுக்காமலும் செத்துட்டா. பசியோடவே போயிட்டா."

அந்த வேலை நிற்கக் கூடாது என்று அண்ணி எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இன்னொரு தடவ என்னைய அப்படிச் செய்யச் சொல்லாத" என்றார் அண்ணன்.

வாசலுக்கு வந்து பேராசிரியைக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொன்னேன். அண்ணியின் வேலை அதோடு நின்றது. நான் திரும்பி உள்ளே போனபோது அண்ணன் அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மீதி இருந்த கிழங்குகளை நான் சீவ ஆரம்பித்தேன்.