சிவப்பு மணி

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான்கு வருடம் லைனில் நின்றவள் நான். ஒரு போர்டு முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு, அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குப் பயிற்சி தரும் டிப்ளமோவில் சேர்ந்தபோது, கல்லாவியிலிருந்து அப்பா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உன்னால ஒரு எடத்துல உக்கார முடியுமா?"

முடியவில்லை என்பது மூக்கண்டப்பள்ளி மையத்துக்குச் செய்முறைப் பயிற்சிக்குப் போன முதல் வாரமே தெரிந்துவிட்டது.

என்னிடம் ஒப்படைக்கப்பட்டவளுக்குப் பத்தொன்பது வயது. அந்த மாதம்தான் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பேச்சு மிகக் குறைவு என்றார்கள். தட்டில் நிற மணிகளை வைத்து, "சிவப்பு மணி எடு" என்று சொல்லிவிட்டுப் பத்து எண்ணும்வரை சும்மா இருக்க வேண்டும். நான் நான்கு எண்ணுவதற்குள் கால் ஆடத் தொடங்கும். ஐந்தில் அவள் கையைப் பிடித்து மணிமேல் வைத்துவிடுவேன்.

"உன் கையைப் பின்னால கட்டிக்கோம்மா. மணிய எடுக்க வேண்டியது அவ" என்றார் பயிற்சி மேடம்.

கட்டிக்கொண்டேன். விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் இப்படியே போனது. மதிப்பீட்டுப் படிவத்தில் 'நிறம் அறியவில்லை, சொன்னதைச் செய்வதில்லை' என்று எழுதினேன். அதை வைத்துத்தான் அவளுக்கு அந்த வருடத்துக்கான பயிற்சியை முடிவு செய்வார்கள். எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை அவளுடைய அம்மா அவளை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, "செப்புலு தீயி" என்றார். அவள் குனிந்து, செருப்பைக் கழற்றி, ஓரமாக வைத்தாள்.

நான் ஓடிப்போய் அம்மாவை நிறுத்தினேன். "அக்கா, வீட்ல தெலுங்கா பேசுவீங்க?"

"ஆமா டீச்சர். தமிழ் எங்க வீட்ல எனக்கும் அவங்கப்பாவுக்கும்தான் வரும்."

"மொத நாளே சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"யாரும் கேக்கலைங்களே டீச்சர்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதனாலேயே எனக்கு முகம் எரிந்தது. கம்பெனி ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்தவள் தெலுங்குக்காரி. எனக்கு அந்த மொழி கொஞ்சம் வரும். வந்தும் நான் கேட்கவில்லை.

உள்ளே போய்த் தட்டை வைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எர்ரதி இய்யி" என்றேன். சிவப்பைக் கொடு. ஒன்று, இரண்டு... எட்டில் அவள் கை நகர்ந்தது. சிவப்பு மணியை எடுத்து என் மடியில் போட்டாள். மஞ்சளைக் கேட்டேன், அதுவும் வந்தது. ஆசை தாங்காமல் பச்சை, நீலம், மறுபடி சிவப்பு என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் தட்டைத் தள்ளினாள்.

"வத்து" என்றாள். வேண்டாம்.

அவள் என்னிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

படிவத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன்.

"கிழிக்காத. அடிச்சிட்டுப் பக்கத்துல எழுது. ரெண்டும் இருக்கட்டும். வத்துன்னு சொன்னதையும் எழுது."

எழுதினேன். பிறகு மற்றவர்களின் கோப்புகளை எடுத்துவந்து 'வீட்டு மொழி' என்ற இடத்தைத் தேடினேன். பல படிவங்களில் அது காலியாக இருந்தது. ஒருவரின் அம்மா வாசலில் கன்னடத்தில் பேசியது நினைவுக்கு வந்தது. எனக்குக் கன்னடம் ஒரு வார்த்தை வராது. பேனாவை மூடினேன், திறந்தேன். கடைசியில் எழுந்துபோய், மையத்தின் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்த, கன்னடம் தெரிந்த சமையல்கார அக்காவிடம், "உக்காருன்னு கன்னடத்துல எப்பிடிக்கா சொல்றது?" என்று கேட்டேன்.