இரண்டு பவுண்டு

வெர்லின் ஸ்டக்கி வாரம் முழுக்கச் சோளக் கிடங்கில் தூசி தின்பான். சனிக்கிழமையானால் ஊர்த் திடலின் மண் பாதையில் பந்தயக் கார் ஓட்டித் தூசி தின்பான். கல்யாணமான கோடையிலிருந்து இதே கதைதான். ஏழாவது, ஒன்பதாவது, சில நாள் சுவரில் மோதிக் கடைசி. முதலாவதாக ஒருமுறைகூட வந்ததில்லை. அமெரிக்காவின் ஐயோவாவில் ஊருக்கு நாலு பேர் இப்படி இருக்கிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் பந்தயமே கிடையாது.

இந்தச் சனிக்கிழமைதான் அவனுக்குக் கடைசி. திங்கட்கிழமை வயிற்றில் ஆபரேஷன். அதற்கப்புறம் பந்தயக் காரில் உட்காரும் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது அவனுக்கும் மனைவி நோரீனுக்கும் மட்டும்தான் தெரியும். ஊர் தன்னைப் பாவமாகப் பார்ப்பதை அவனால் தாங்க முடியாது. ஒரே ஒரு தடவை ஜெயித்து, ஜெயித்தவனுக்குக் கொடுக்கும் அந்தக் கொடியைக் கையில் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆசைப்பட்டான்.

பந்தயத்துக்கு முன்னால் நோரீன் பன்றிக்கறி சாண்ட்விச்சை நீட்டினாள்.

"ஏங்க, ரெண்டே ரெண்டு வாய்..."

"இப்ப வேணாம்மா, உள்ள நிக்காது. முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

அன்றைக்கு அவனுக்கு நேரம் நன்றாக இருந்தது போலத்தான் தோன்றியது. முன்னால் போன இரண்டு பேரும் இடித்துக்கொண்டு புல்லுக்குள் போனார்கள். காய்ந்து வழுக்கும் மண்ணில் வெர்லின் காரை உள்வளைவோடு ஒட்டிப் பிடித்து, முதலாவதாகக் கோட்டைத் தாண்டினான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நோரீன் வாய்விட்டு அழுதாள்.

கோட்டைத் தாண்டினால் மட்டும் போதுமா? முதல் மூன்று கார்களும் ஓட்டியவனோடு சேர்ந்து எடைமேடை ஏற வேண்டும். சட்டம் சொல்லும் எடைக்குக் கீழே போனால் ஜெயித்தது செல்லாது. அங்கே நிற்பது நோரீனின் அண்ணன் கேலன்.

"மாப்ளே, ரெண்டு பவுண்டு குறையுது."

"விளையாடாதே மச்சான்."

"பின்னால போய் மறுபடி ஏத்து."

மறுபடியும் அதே இரண்டு பவுண்டு.

போன வருஷம் வரை எரிந்த பெட்ரோலுக்கென்று கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். இந்த வருஷம் பந்தயச் சங்கத்துப் புண்ணியவான்கள் கூடி அதையும் வெட்டிவிட்டார்கள். இரண்டு பவுண்டில் அப்படி என்ன வேகம் கூடிவிடும்? ஈரப் பாதையாக இருந்தால் காரில் அப்பும் சேறே அதைவிட அதிகம். சேறு செல்லுமாம், மனுஷன் செல்லாதாம்! போங்கடா நீங்களும் உங்கள் சட்டமும்!

வெர்லினுக்கு மட்டும் காரணம் புரிந்துவிட்டது. குளிர் போனதும் தன் உடம்பு எடையைக் கணக்கில் வைத்துத்தான் சட்ட எடையை எட்டக் காருக்கடியில் ஈயக் கட்டிகளை முடுக்கியிருந்தான். அதன்பிறகு உடம்பு உருகிக்கொண்டே போனது. ஒரு ஸ்பிரிங் மாற்றினால்கூடக் காரை எடை போட்டுப் பார்க்கிறவன், இந்தக் கோடை முழுக்க எடைமேடைப் பக்கமே போகவில்லை. முள் என்ன காட்டுமோ என்று பயம். பின்னால் வரும் காரை யாரும் எடை போடுவதில்லை, அதனால் வெளியே தெரியவில்லை.

நோரீன் தடுப்பைத் தாண்டி ஓடி வந்தாள்.

"அண்ணா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? அவரைப் பாரு, நல்லாப் பாரு!"

"பாத்துட்டுதானே சொல்றேன். தங்கச்சி புருஷன்னு விட்டுட்டான்னு ஊரே காறித் துப்பும். ஆமா, நீ இவனுக்குச் சாப்பாடு போடறியா இல்லையா? பட்டினி போட்டா எடை எங்கேருந்து நிக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நோரீன் வாயைத் திறந்தாள். வெர்லின் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். சொன்னாலும் முள் நகரப்போவதில்லை. கொடி இரண்டாவதாக வந்தவனிடம் போனது, போட்டோவும் அவனைத்தான் எடுத்தார்கள்.

காரை டிரெய்லரில் ஏற்றிவிட்டு இருவரும் வண்டியில் உட்கார்ந்தார்கள். சாண்ட்விச் இருக்கையில் ஆறிக் கிடந்தது. நோரீன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கேலன் வந்து ஜன்னலில் கை வைத்தான்.

"கோவமா மாப்ளே? அடுத்த சனிக்கிழமை இன்னொரு கட்டியை முடுக்கிட்டு வா. பாதை எங்கேயும் ஓடிடாது. நீதான் எங்க போயிடப் போறே?"

"ஆமா மச்சான்," என்றான் வெர்லின். "நான் எங்க போயிடப் போறேன்."