கனமில்லாத ஒரு மென்பொருள்

கணவர் மௌத்தாகி நான் இத்தாவில் இருந்த மாதங்களில்தான் புரூப் பார்க்கும் வேலை என்னைத் தேடி வந்தது. கணவனை இழந்தவள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டிய காலம் அது. பாடசாலையிலிருந்து ஏற்கனவே ஓய்வு பெற்றிருந்தேன். ஒரே மகள் கட்டாரில் குடும்பத்தோடு இருக்கிறாள். அக்கரைப்பற்றில் அச்சகம் வைத்திருந்த கணவரின் சினேகிதர் ஒருவர், நான் தமிழ் படிப்பித்தவள் என்பதால், அச்சுக்குப் போகும் புத்தகங்களைப் பிடிஎப் கோப்புகளாக அனுப்பிப் பிழை பார்த்துத் தரச் சொன்னார்.

மருதமுனையில் எங்கள் வீட்டு முன்னறையில் கணவரின் பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வேன். பின்தெருவில் தறிச் சத்தம் கேட்கும். அதைத் தவிரப் பகலில் வீட்டில் வேறு சத்தம் இல்லை.

பக்கங்களை அமைத்துத் தந்தது ஆலையடிவேம்பில் இருந்த ஒரு பெண். வீட்டிலிருந்தபடியே அச்சகத்துக்கு வேலை செய்கிறவள். சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன மஞ்சள் சதுரம் ஒன்றைப் போட்டு வைப்பாள். அதன்மேல் அழுத்தினால் அவள் எழுதியது விரியும். ‘டீச்சர், இதுக்கு ஒற்று வருமா?’ என்று கேட்டிருப்பாள். நான் கீழே பதில் எழுதுவேன்.

கொஞ்ச நாளில் அந்தச் சதுரங்களில் ஒற்றெழுத்து அல்லாத விஷயங்களும் வந்தன. ‘இந்தக் கவிதை விளங்குதா டீச்சர்? எனக்கு விளங்கல்ல.’ எனக்கும் விளங்கவில்லை என்று எழுதினேன். இன்னொரு நாள், ‘அம்மா பொரியல் எண்டு சொல்லிக் கத்தரிக்காயைக் கருக்கிட்டா, வீடு முழுக்கப் புகை’ என்று எழுதியிருந்தாள். சிரித்துவிட்டேன். சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. ஒரு கோப்பு வந்தால் முதலில் பிழைகளைத் தேடமாட்டேன், மஞ்சளைத் தேடுவேன். அவளுடைய முகத்தை நான் கண்டதில்லை, குரலையும் கேட்டதில்லை.

மடிக்கணினி மெல்ல மெல்லத் தளர்ந்தது. கோப்புகளைத் திறக்க நான் பாவித்த மென்பொருள் ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் இன்னும் பெருத்தது. திறந்தால் உள்ளே விசிறி நெல்லுச் சூடடிக்கிற மெஷின் மாதிரி இரையும். பக்கம் பாதி வரும், அப்படியே நிற்கும்.

“உம்மா, புது லெப்டொப் ஒண்டு எடுத்து அனுப்புறன்” என்றாள் மகள்.

“வேணாம் மகள். இது போதும்.”

“அதுல என்ன கிடக்கு?”

உன் வாப்பாவின் விரல் பட்டுத் தேய்ந்த எழுத்துகள் கிடக்கின்றன என்று சொல்ல வாய் வரவில்லை. “வேகமில்ல, அவ்வளவுதான்” என்றேன். “அப்ப கனமில்லாத மென்பொருள் ஏதும் போட்டுப் பாருங்க, சும்மாவே கிடைக்கும்” என்றாள்.

நானே தேடினேன். முதலில் இறக்கியது தன்னோடு வேறு நாலு பொருளையும் கூட்டிக்கொண்டு வந்து திரை முழுக்க விளம்பரம் காட்டியது. அழித்தேன். அடுத்ததில் தமிழ் சிதைந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மூன்றாவது மிகச் சின்னது. ஐகானைத் தொட்டதும் பக்கம் முன்னால் நின்றது. விசிறி இரையவே இல்லை. வாசிக்க மட்டுந்தான் முடியும், எழுத முடியாது. அது பெரிய குறையாகத் தெரியவில்லை. திருத்தங்களைப் பக்க இலக்கம் போட்டு மின்னஞ்சலில் அச்சகக்காரருக்கு அனுப்பினேன். “பரவாயில்ல டீச்சர், எப்படி எண்டாலும் சரி” என்றார் அவர்.

அதற்குப் பிறகு வந்த கோப்புகளில் மஞ்சள் சதுரம் ஒன்றும் இல்லை.

முதல் கோப்பில் இல்லாதபோது, அவளுக்குச் சந்தேகம் ஏதும் வரவில்லை என்று நினைத்தேன். அடுத்ததிலும் இல்லை. கதை பேச வேண்டாம் என்று அச்சகக்காரர் சொல்லியிருப்பாரோ? நான் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனோ? வேலைக்கு இடையில் நாலு வார்த்தை எழுதிய ஒரு பிள்ளை எழுதாமல் விட்டதற்கு என்னவென்று கேட்பது? இத்தா முடிந்து நாளாகியும் நான் வெளியே போகத் தொடங்கவில்லை. அந்த மாதங்களில் யாரோடும் கதைக்காமலே சில நாட்கள் முடிந்துபோயின.

ஒருநாள் அச்சகக்காரர் கோல் எடுத்தார்.

“டீச்சர், அட்டைக்கு உள்பக்கத்துல அந்தப் புள்ள கேட்ட கேள்விக்கு நீங்க ஒண்டும் சொல்லல்லயே?”

“எந்தக் கேள்வி?”

“நோட் போட்டிருக்கே, மஞ்சள்ல.”

கேட்டு விசாரித்து, குறிப்புகளைக் காட்டும் இன்னொரு இலவச மென்பொருளை இறக்கினேன். கொஞ்சம் கனமானது, ஆனால் திறந்தது. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் மஞ்சள். நான் தெரிந்தெடுத்த சின்ன மென்பொருள் அவற்றைக் காட்டவேயில்லை.

‘டீச்சர், சுகமா?’ ‘பதிலே இல்ல, வருத்தமா இருக்கிறீங்களா?’ ‘என்னோட கோபமா டீச்சர்?’ பிறகு ஒற்றெழுத்துகளைப் பற்றி மட்டும். கடைசிக் கோப்பின் கடைசிப் பக்கத்தில், ‘வாற ஞாயிறு எனக்குக் கலியாணம். ஏலுமெண்டா வாங்க’ என்று எழுதி மண்டபத்தின் பெயரையும் போட்டிருந்தாள்.

அந்த ஞாயிறு அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

ஞாயிறன்று அபாயாவை மாட்டிக்கொண்டு, கல்முனையில் பஸ் மாறி, தனியாகப் போனேன். மண்டபத்தில் எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. ஒரு பெண் அன்பாகக் கதிரை இழுத்துப் போட்டு, “இருங்கம்மா. நீங்க பொம்புளைக்கு என்ன முறை?” என்று கேட்டாள். பக்கத்துப் பெண்களும் என் பதிலுக்காகத் திரும்பினார்கள். “கூட வேலை செய்தநான்” என்றேன்.

வரிசையில் நின்று மேடைக்கு ஏறினேன். மணப்பெண் என்னைப் பார்த்துப் பொதுவாகச் சிரித்தாள்.

“நான்தான் புள்ள, டீச்சர்.”

அவள் கண் விரிந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க இவ்வளவு சின்ன ஆளா? நல்ல உயரமா இருப்பீங்க எண்டெல்லோ நினைச்சன்!” பிறகு குரலைத் தாழ்த்தி, “கோபம் இல்லயே?” என்றாள்.

“இல்ல மகள். நீ எழுதினது ஒண்டும் எனக்குத் தெரியல்ல. புரோகிராமை மாத்தினன், அது காட்டல்ல...”

“என்ன டீச்சர்?” மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. படம் எடுப்பவர் எங்களை நேரே பார்க்கச் சொன்னார். பார்த்தோம். பின்னால் நின்றவர்கள் நெருக்க, கொண்டுபோன பரிசுப் பொதியை அவள் கையில் வைத்துவிட்டு இறங்கினேன். மரக்கறிச் சாப்பாடு தந்தார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். அட்டாளைச்சேனை தாண்டியபோதுதான் அழுதிருக்கிறேன் என்பது தெரிந்தது.

அவள் கணவனோடு திருகோணமலைக்குப் போய்விட்டாள். வேலையையும் விட்டுவிட்டாள். அவளுடைய இலக்கத்தை அச்சகக்காரரிடம் வாங்கி, விளங்கப்படுத்தி நான் அனுப்பிய செய்திக்கு, ‘ஐயோ டீச்சர், அதுதானா!’ என்று சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டுப் பதில் அனுப்பினாள். பெருநாளைக்கு வாழ்த்து வரும். வேறொன்றும் வருவதில்லை. அவளுக்கு வீடும் வீட்டு வேலையும் இருக்கும்.

இப்போது பக்கம் அமைப்பவர் யாரென்று நான் கேட்கவில்லை. குறிப்பு எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் வருகிற கோப்பை அந்தக் கனமான மென்பொருளில்தான் திறக்கிறேன். விசிறி இரைகிறது, பக்கம் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. காத்திருக்கிறேன்.