தோளுக்கு மேலே ஒரு கை

போன ஞாயிறு வெஸ்ட்கேட்டில் ஒரு வீடு குடிபுகல். யாரோ பிரான்சிலிருந்து கொண்டுவந்த வைன் போத்தலைத் திறந்தார்கள். 'டப்' என்று தக்கை வந்தது. இந்த நாட்டுப் போத்தல்களுக்குத் திருகுமூடி வந்து எத்தனை காலம்! அந்த ஈரத் தக்கையின் மணம் மூக்கில் ஏறியதும் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். ராஜனின் ஞாபகம் வந்தால் எனக்கு வடைகூட இறங்காது.

ராஜன் மலேசியத் தமிழன், ஈப்போக்காரன். விரி என்ற புறநகரில் ஒரே கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினோம். "சும்மா வந்து பாரு மச்சான், பிடிக்கலன்னா ஓடிடு லா" என்று அவன்தான் என்னை அந்த பேக்பைப் குழுவில் சேர்த்தான். ஸ்கொட்லாந்துக்காரரின் பேரப்பிள்ளைகள் பத்துப் பேர், நடுவில் தமிழர் இருவர். கில்ட் என்ற அவர்களின் கட்டம்போட்ட பாவாடையை உடுக்க எனக்கு யாரும் பழக்கவேண்டியிருக்கவில்லை. சாரம் கட்டிய இடுப்பல்லவா? ஆனால் பழக்கதோஷத்தில் ஒருநாள் அதை மடித்துக்கட்டப்போக, குழுத்தலைவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். அவர்களின் விருந்துகளில் ஆட்டீரலை ஆட்டு வயிற்றுக்குள் அடைத்து அவித்துத் தூக்கிவர, அதற்கு முன்னால் நாங்கள் ஊதிக்கொண்டு ஊர்வலம் போவோம். சாமிக்கு முன்னால் ஊதிப் பார்த்திருக்கிறேன், சாப்பாட்டுக்கு முன்னால் அங்கேதான் பார்த்தேன்.

வீட்டில் அவ்வளவு மரியாதை இல்லை. "ஆட்டைக் கக்கத்துக்க வைச்சு நெரிக்கிற மாதிரிக் கிடக்கு. கராஜுக்குப் போங்கோ!" என்பாள் மனைவி.

பேக்பைப் என்பது கக்கத்தில் அமுக்கும் காற்றுப்பை; அதில் விரல் வைத்து வாசிக்கும் குழல் ஒன்று. இடது தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று குழல்கள், நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல, ஒரே சுருதியில் இழைந்துகொண்டிருக்கும். கெட்டிக்காரர்கள் ஒரு கையால் தாங்களே அவற்றைத் திருகிச் சுருதி சேர்ப்பார்கள். எனக்கு அது வரவில்லை. நான் ஊத, ராஜன் என் தோளுக்கு மேலே எட்டித் திருகுவான். நான் கழுத்தைச் சாய்த்து வழிவிடுவேன். ஆறு வருடம் அப்படித்தான்.

போட்டி நாளன்றும் திருகினான். பக்கத்தில் பத்துப் பேர் ஊதிய இரைச்சலில் எது என் குழல், எது அடுத்தவனுடையது என்று யாருக்குத் தெரியும்? அன்று மூச்சு முட்டவேயில்லை. எனக்கு வித்தை கைகூடிவிட்டது என்றே நினைத்தேன். எங்களுக்கு முதற்பரிசு. திரும்பும் வழியெல்லாம் மூச்சை அடக்கும் விதம்பற்றி மனைவிக்கு விரிவுரை. பாவம், அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மகளுக்காகப் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு கராஜில் ஊதினேன்.

"அப்பா, வேர் இஸ் தி அதர் சவுண்ட்?" என்றாள்.

கழற்றிப் பார்த்தேன். மூன்று குழல்களின் அடியிலும் மூன்று தக்கைகள். வைன் போத்தல் தக்கையை அளவாகச் சீவி இறுக்கியிருந்தான் ராஜன். அந்த மூன்றுக்கும் காற்றே போகாதபோது மூச்சு எப்படி முட்டும்?

திங்கட்கிழமை கிடங்கில் தக்கைகளை அவன் முன்னால் வைத்தேன். அவன் மறுக்கவில்லை.

"ஒன் மூச்சு ஆடுது மச்சான். சுருதி கெட்டுப்போகுது. நாம ஜெயிக்கணும்ல?"

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேடா?"

"சொன்னா வந்திருப்பியா?"

"ஓம், வந்திருப்பன். அடைச்சுக்கொண்டு நிண்டிருப்பன்."

அவன் ஃபோர்க்லிஃப்டில் ஏறிவிட்டான்.

அடைத்ததைக்கூட மன்னித்திருப்பேன். அடைத்த குழலை, ஒன்றும் தெரியாதவன்போல், காதைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டுத் திருகினானே! "இப்ப சூப்பர்" என்று முதுகில் தட்டினானே!

அந்தக் குழுவுக்கு நான் பிறகு போகவில்லை. கிடங்கும் வேறு கைக்கு மாறிவிட்டது. ராஜன் எங்கே என்று நான் விசாரித்ததில்லை. இப்போது கராஜில் தனியாக ஊதுகிறேன். கைபேசியில் ஒரு செயலி: சுருதி சேர்ந்தால் பச்சை, சேராவிட்டால் சிவப்பு. எனக்கு அநேகமாகச் சிவப்புத்தான். உள்ளதைச் சொல்கிறதே, அது போதும். ஒரு கையால் நானே திருகவும் பழகிவிட்டேன். ஆனாலும் ஊதத் தொடங்கியதும், வராத அந்தக் கைக்கு வழிவிட்டு, கழுத்து தன்பாட்டில் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறது.